பழைய ஸ்நூக்கர் கியூ: அடையாளம் காண்பதும் பழுதுபார்ப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மரச்சாமான் கடைகளிலும், கிளப்புகள் கழித்துக்கட்டும் பொருள்களிலும், தேயிலைத் தோட்ட பங்களாக்களின் பரண்களிலும் இன்றும் பழைய கியூக்கள், அதாவது ஸ்நூக்கர், பில்லியர்ட்ஸ் மேசையில் பந்தை அடிக்கும் கோல்கள், அகப்படுகின்றன. அவற்றில் நல்லவை பெரும்பாலும் இங்கிலாந்தில் செய்யப்பட்டவை. இந்தப் பக்கம் அவற்றைப் பற்றியது. புதிய கியூ வாங்குவதற்கான ஆலோசனை இங்கே இல்லை.

பழைய கியூ ஒன்று கிடைத்திருக்கிறது. முதல் வேலை என்ன?

ஒன்றும் செய்யாமல் இருப்பது. உப்புத்தாளையும் வார்னிஷ் டப்பாவையும் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பழைய கியூக்களை அழிப்பது கரையானைவிட ஆர்வக்கோளாறுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கிய கியூ, தன் வயதைச் சொல்லும் தடயங்களில் பாதியை இழந்திருக்கும்.

பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள்: முழு நீளம், நுனி, பிடி, பிடியில் உள்ள பெயர்த் தகடு, அடிப்பக்கம். நீளத்தையும் நுனியின் விட்டத்தையும் அளந்து, சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அழுக்கின் மேலேயே பென்சில் எழுத்தோ குத்திய எண்ணோ தெரிகிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். கழுவியபின் இவற்றில் சில திரும்பக் கிடைக்காது.

இது ஸ்நூக்கர் கியூதானா? பூல் கியூவாக இருக்குமோ?

நடுவில் திருகு மூட்டு, பிடியில் நூல் சுற்று, நுனியில் வெள்ளை நிறப் பூண் (வளையம்), 12 அல்லது 13 மில்லிமீட்டர் நுனி இருந்தால் அது அமெரிக்கப் பூல் கியூ. பித்தளைப் பூண், 9 முதல் 11 மில்லிமீட்டர் வரையிலான நுனி, பிடியின் கடைசியில் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகச் செதுக்கிய முகம் இருந்தால் ஆங்கில வகை.

ஆங்கில வகைக்குள் ஸ்நூக்கர், பில்லியர்ட்ஸ் என்று பழைய கியூக்களைப் பிரிப்பது வீண் வேலை. 1930கள் வரை இங்கிலாந்தில் பெரிய ஆட்டம் பில்லியர்ட்ஸ்தான். ஸ்நூக்கர் அதன் ஓரத்தில் ஆடப்பட்டது. ஒரே கியூவால் இரண்டையும் ஆடினார்கள். நுனி தடிமனாக இருந்தால் பில்லியர்ட்ஸ் காலத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம், அவ்வளவே. விக்டோரியா காலத்துக் கியூக்கள் சிலவற்றில் பூணே கிடையாது. பந்தில் படும் தோல் துண்டான டிப்பை நேராக மரத்தின் மேல் ஒட்டியிருப்பார்கள்.

தண்டு என்ன மரம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆஷ் மரம் என்றால் சந்தேகமே வராது. நீளவாக்கில் கருத்த கோடுகள் ஓடும். இரண்டு பக்கங்களில் அந்தக் கோடுகள் அம்பு முனைகளாக ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கும். வசந்தத்தில் வளர்ந்த பகுதியில் மட்டும் பெரிய துளைகள் வரிசையாக அமைவது ஆஷின் இயல்பு. நகத்தால் குறுக்கே வருடினால் அந்தத் துளைகள் தட்டுப்படும். மேப்பிளில் இப்படிக் கோடு இல்லை; வெளிறி, வழவழப்பாக, பொடிப்பொடிப் புள்ளிகளோடு இருக்கும்.

நூறு வருடப் பழமை உள்ள கியூக்களில் வேறு மரங்களும் உண்டு. பேரி மரம் செம்பழுப்பாக, கோடே தெரியாமல் இருக்கும். தென் அமெரிக்காவின் கயானா பகுதியிலிருந்து வந்த கிரீன்ஹார்ட் பச்சை கலந்த பழுப்பு நிறம், கையில் எடுத்தாலே கனம் தெரியும்.

பிடிக்குக் கருங்காலி, ஈட்டி, மகாகனி ஆகியவை வழக்கம். கறுப்பாக இருப்பதெல்லாம் கருங்காலி அல்ல. சாயம் ஏற்றிய மலிவு மரமும் உண்டு. சாயம் தேய்ந்த இடத்தில், குறிப்பாகக் கை படும் விளிம்பில், உள்ளே பழுப்பு தெரிந்தால் அது கருங்காலி இல்லை.

பிடியில் உள்ள கூர்முனைகள் என்ன சொல்கின்றன?

எனக்குப் பிடித்த கேள்வி இது. தகடு பொய் சொல்லலாம், கடைக்காரரும் சொல்லலாம். தண்டும் பிடியும் சேரும் ஒட்டு பொய் சொல்வது கடினம்.

கையால் ஒட்டும் முறையில், ஆஷ் தண்டின் அடிப்பகுதியை எதிரெதிரான இரண்டு பக்கங்களில் சரிவாக இழைத்து, அங்கே கருங்காலிப் பட்டைகளை ஒட்டுவார்கள். அது காய்ந்தபின் மற்ற இரண்டு பக்கங்களையும் இழைத்து அடுத்த ஜோடியை ஒட்டுவார்கள். பிறகு முழுவதையும் இழைப்புளியால் உருண்டையாக்குவார்கள். தட்டையான ஒட்டு, உருண்டைப் பரப்பைச் சந்திக்கும் இடத்தில் கோடு வளைந்துவிடும். அதனால் முனைகள் கூராக இராமல் மேலே வளைவாக முடியும். நான்கும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. சற்று முன்பின்னாக இருப்பது கைவேலையின் இயல்பு. நல்ல கியூக்களில் கருங்காலிக்கும் ஆஷுக்கும் இடையே சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மெல்லிய மரச்சீவல்கள் கோடாகத் தெரியும்.

இயந்திர ஒட்டில், தண்டிலும் பிடிக்கட்டையிலும் ஆப்பு வடிவ வெட்டுகளை ரம்பத்தால் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகுவார்கள். முனைகள் ஊசியாக இருக்கும். நான்கும் ஒரே உயரம். இதை மட்டம் என்று நினைக்க வேண்டாம். மரத்துக்குள் மரம் ஆழமாகப் பாய்வதால் ஒட்டு உறுதியானது. விளையாட்டில் புகழ்பெற்ற பல கியூக்கள் இந்த வகைதான்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு: ஒட்டே இல்லாமல் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே ஆஷ். கிளப் மேசைகளின் பக்கத்துச் சட்டத்தில் பொதுவுக்கு நிறுத்தியிருந்தவை இவற்றில் நிறைய. அதிகம் அடிபட்டவை, விலை குறைந்தவை. ஆனால் சிலவற்றின் மரம் அருமையானது.

முனைகள் மரத்துக்குள் இல்லாமல் மேலே அச்சடித்த படமாக இருந்தால் அது அலங்காரம் மட்டுமே. பூதக்கண்ணாடியில் ஆஷின் கோடுகள் கறுப்புக்கு அடியில் தொடர்ந்து ஓடுவது தெரியும்.

பெயர்த் தகட்டை வைத்து வயதைக் கண்டுபிடிக்கலாமா?

ஓரளவு. தகடு உங்களுக்குத் தருவது ஒரு வரம்பைத்தான்: இந்த வருடத்துக்கு முன்பு செய்திருக்க முடியாது. எந்த வருடம் வரை செய்தார்கள் என்பதை அது சொல்லாது.

எடுத்துக்காட்டு பார்ப்போம். ஆஸ்திரேலிய பில்லியர்ட்ஸ் வீரர் வால்டர் லின்ட்ரம் 1932 ஜனவரியில் லண்டன் தர்ஸ்டன் அரங்கில், ஜோ டேவிஸை எதிர்த்து ஒரே பிரேக்கில், அதாவது தவறவிடாமல் தொடர்ந்து ஆடிய ஒரே முறையில், 4,137 புள்ளிகள் எடுத்தார். அந்த எண்ணைப் பொறித்த கியூக்கள் அதன்பின் விற்பனைக்கு வந்தன. உங்கள் கியூவில் 4137 இருந்தால் அது 1932க்கு முந்தியது அல்ல. 1932ஐச் சேர்ந்தது என்றும் சொல்ல முடியாது. புகழ்பெற்ற பெயரில் வந்த கியூவை எவ்வளவு காலம் விற்க முடியுமோ அவ்வளவு காலம் விற்பார்கள். லின்ட்ரம் தன் கையால் தொட்ட கியூ என்ற கதையை நம்ப வேண்டியதே இல்லை.

பில்லியர்ட்ஸ் வீரர் டாம் ரீஸ் பெயரும் 499,135 என்ற எண்ணும் வந்தால் கீழ்வரம்பு 1907. இந்த எண் அச்சுப் பிழை அல்ல. இரண்டு பந்துகளைப் பையின் வாயருகே அசையாமல் நிறுத்தி, அவற்றின் மேல் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும் உத்தி ஒன்று அப்போது புழக்கத்தில் இருந்தது. ரீஸ் அதை வைத்து ஐந்து வாரங்கள் ஒரே பிரேக்கை ஓட்டினார். பத்திரிகையாளர்களும் பார்வையாளர்களும் முழு நேரமும் அங்கே இல்லை என்பதால் அது அதிகாரபூர்வ சாதனையாக ஏற்கப்படவில்லை; அந்த உத்தியும் விரைவில் தடை செய்யப்பட்டது. இதையெல்லாம் உட்கார்ந்து பார்த்தவர்களின் பொறுமையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இன்னொரு பில்லியர்ட்ஸ் வீரரான வில்லி ஸ்மித் பெயரோடு 2743 என்ற பிரேக் எண் இருந்தால் 1928. ஜோ டேவிஸ் பெயரோடு 147 என்றால் 1955. ஸ்நூக்கரில் 147 என்பது ஒரு பிரேக்கின் உச்சப் புள்ளி; அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட முதல் 147ஐ அவர் அந்த ஜனவரியில் லெஸ்டர் ஸ்குவேர் அரங்கில் எடுத்தார். வெறுமனே ஜோ டேவிஸ் பெயர் மட்டும் இருந்தால் வரம்பு தளர்ந்துவிடும்: அவர் 1927 முதல் 1946 வரை பதினைந்து முறை உலகச் சாம்பியன், அதன்பின்னும் பல ஆண்டுகள் அவர் பெயருக்கு விற்பனை இருந்தது.

நிறுவனப் பெயர்களில் அடிக்கடி கண்ணில் படுபவை: தர்ஸ்டன், 1799இல் தொடங்கியது, பரோஸ் அண்ட் வாட்ஸ், 1836, லண்டன் சோஹோ ஸ்குவேர், ரைலி, 1878, லங்காஷயரின் ஆக்ரிங்டன், பெரடான், 1885, லிவர்பூல், மான்செஸ்டரின் ஓர்ம் அண்ட் சன்ஸ், ஆஸ்திரேலியாவில் மெல்போர்னின் அல்காக். முகவரியையும் விடாமல் படியுங்கள். தர்ஸ்டன் நிறுவனம் லெஸ்டர் ஸ்குவேருக்குக் குடிபெயர்ந்தது 1901இல். அந்த முகவரி உள்ள தகடு அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. அரச குடும்பத்துக்கு வழங்குபவர்கள் என்ற வரி இருந்தால், அதில் மன்னரா அரசியா என்பதும் ஒரு குறிப்பு.

இன்னொரு சிக்கல்: தகட்டில் உள்ள பெயர் விற்றவருடையதாக இருக்கலாம், செய்தவருடையதாக இல்லாமல் போகலாம். பெரடான் போன்ற பட்டறைகள் மற்ற நிறுவனங்களுக்காகவும் கியூ செய்து, அவர்களுடைய தகட்டைப் பதித்துக் கொடுத்தன. ஒரே மாதிரியான ஒட்டும் ஒரே மாதிரியான செதுக்கலும் உள்ள இரண்டு கியூக்களில் வெவ்வேறு பெயர்கள் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

தகடு போலியாக இருக்குமா?

இருக்கும். சாதாரணக் கியூவில் புதுத் தகடு பதித்து விலையை ஏற்றுவது தெரிந்த வித்தைதான். அசல் தகட்டில் எழுத்துகள் செதுக்கப்பட்டு, பள்ளத்தில் கறுப்போ சிவப்போ நீலமோ நிரப்பியிருக்கும். விரலால் தடவினால் பள்ளம் தெரியும். காலம் செல்லச் செல்ல நிறம் ஆங்காங்கே உதிர்ந்திருக்கும். தட்டையாக அச்சிட்ட எழுத்து, தகட்டைச் சுற்றிப் பிதுங்கிய பசை, சுற்றியுள்ள மரம் அழுக்காக இருக்கத் தகடு மட்டும் பளிச்சென்று இருப்பது, இவையெல்லாம் சந்தேகத்துக்கு உரியவை.

தகடு தந்தமா, எலும்பா, பிளாஸ்டிக்கா?

சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். தந்தமானால் தகடு கெட்டுப்போகும். செல்லுலாய்டு என்றால் தீப்பிடிக்கும்.

பூதக்கண்ணாடி போதும். எலும்பில் இரத்தக் குழாய்கள் ஓடிய தடங்கள் நுண்ணிய கரும்புள்ளிகளாகவும் கீறல்களாகவும் தெரியும். தந்தத்தில் அவை இல்லை; மெல்லிய அலைகள் ஓடும். தந்தத்தின் பெயர்போன குறுக்கு வலைப்பின்னல், குறுக்கே வெட்டிய முகத்தில்தான் தெரியும் என்பதால் சின்னத் தகட்டில் அதைத் தேடி ஏமாற வேண்டாம். செல்லுலாய்டில் கோடுகள் அளந்து போட்டாற்போல இணையாக ஓடும். விரலால் அழுத்தித் தேய்த்தால் கற்பூர வாடை வரும். செல்லுலாய்டு இந்த உலகத்துக்கு அந்நியமும் அல்ல. தந்தத்தில் செய்த பில்லியர்ட்ஸ் பந்துகளுக்கு மாற்று தேடிய முயற்சியில்தான் 1870 வாக்கில் அமெரிக்காவில் ஜான் ஹையட் அதை உருவாக்கினார்.

தந்தம் என்று தெரிந்தால் சட்டமும் கூடவே வரும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் தந்த வணிகத்தைத் தடை செய்கின்றன. பிரிட்டனில் 2018இல் இயற்றிய தந்தச் சட்டம் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது; சில விலக்குகளைத் தவிர விற்பனை கூடாது. நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதி தேவை. தகடு சிறியதுதானே என்பது சுங்க அதிகாரியிடம் எடுபடாது. இணையத்தில் வெளிநாட்டிலிருந்து பழைய கியூ வாங்குபவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

ஊட்டியில் ஸ்நூக்கர் பிறந்த காலத்துக் கியூ என்று சொல்லி விற்கிறார்கள். நம்பலாமா?

கதையின் அடிப்படை உண்மைதான். 1875இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி, ஏற்கெனவே இருந்த ஆட்டத்தில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஸ்நூக்கரைத் தொடங்கினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமரானவர் வேறொரு சேம்பர்லின். 1882இல் உதகமண்டலம் கிளப்பில் ஆட்டத்தின் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. அந்த பில்லியர்ட்ஸ் அறை இன்றும் இருக்கிறது.

ஆனால் 1882இல் கிளப்பில் நின்ற கியூக்கள் பில்லியர்ட்ஸ் கியூக்கள். ஸ்நூக்கருக்கென்று தனியாகக் கியூ செய்து விற்கும் காலம் அப்போது வரவில்லை. ஊட்டி கியூ என்று சொல்லப்படும் ஒன்றில் ஜோ டேவிஸின் பெயர் இருந்தால், அவர் பிறந்ததே 1901இல் என்பதை விற்பவருக்கு நினைவூட்டிவிட்டு நகரலாம். கிளப்பின் பெயர் தீயால் சுட்டோ குத்தியோ இருந்தால் மட்டும் அது தனிப் பேச்சு. அப்போதும் ஏலச் சீட்டு, பழைய படம் என்று எழுத்தில் ஏதாவது கேளுங்கள்.

16½ என்று குத்தியிருக்கிறது. என்ன அது?

எடை, அவுன்ஸில். 16½ அவுன்ஸ் ஏறத்தாழ 468 கிராம். இப்போது தராசில் போட்டுப் பாருங்கள். சில கிராம் வித்தியாசம் மரத்தின் ஈரப்பதத்தால் வருவது. அரை அவுன்ஸுக்கு, அதாவது 14 கிராமுக்கு மேல் குறைந்திருந்தால் யாரோ நீளத்தை வெட்டியிருக்கிறார்கள், அல்லது தண்டைத் தேய்த்து ஒல்லியாக்கியிருக்கிறார்கள். கூடியிருந்தால் அடியில் துளையிட்டு ஈயம் வைத்திருக்கலாம். பழைய கியூவின் வழக்கமான நீளம் 57 அங்குலத்தை ஒட்டியது, சுமார் 145 சென்டிமீட்டர். 55 அங்குலக் கியூ கிடைத்தால் நுனிப் பக்கம் வெட்டப்பட்டதா என்று பாருங்கள். வெட்டியிருந்தால் நுனி தடித்திருக்கும்.

கியூ வளைந்திருக்கிறது. நிமிர்த்த முடியுமா?

முதலில் அது உண்மையாகவே வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். மேசையில் உருட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை; பழைய கியூவுக்கு அது அநீதி. கையால் இழைத்த தண்டு முழு வட்டமாக இருக்காது. பிடியில் தட்டை முகமும் இருக்கிறது. நேரான கியூகூட உருளும்போது தத்தும். ஒரு கண்ணை மூடி, பிடியிலிருந்து நுனி வரை நீளவாக்கில் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திருப்புங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு வளைவு என்பது அப்போது தெரியும்.

இலேசான வளைவை விட்டுவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு நன்றாக ஆட முடியும். ஆவி காட்டி, எடை தொங்கவிட்டு நிமிர்த்தும் முறைகளைப் பற்றிப் பலர் சொல்வார்கள். சில வாரம் நேராக நிற்கும். அடுத்த மழைக்காலத்தில் பழையபடி வளையும். ஆவி பிடி வரை போனால் ஒட்டும் விட்டுப்போகும். வளைவு தண்டின் நடுவில் பெரிதாக இருந்தால் அந்தக் கியூவைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம்.

அழுக்கை எப்படி எடுப்பது?

இங்கேதான் அதிகம் கெடுகிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உலர்ந்த பருத்தித் துணியால் நன்றாகத் துடையுங்கள். பாதி அழுக்கு சாக்பீஸ் தூளும் வியர்வையும்தான். பிறகு துணியை நனைத்து, சொட்டு நீர் இல்லாமல் முறுக்கிப் பிழிந்து, ஓரிரு துளி மென்மையான சோப்புக் கரைசல் தொட்டு, ஒரு சாண் நீளமாகத் துடையுங்கள். உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் நின்றால் ஆஷின் துளைகள் உறிஞ்சி, இழை எழும்பிச் சொரசொரப்பாகிவிடும். தண்டில் ஊறிய எண்ணெய்ப் பிசுக்குக்கு மினரல் டர்பன்டைன் தொட்ட துணி உதவும்.

பிடிக்கு வேறு விதி. பழைய பிடிகளில் பெரும்பாலும் அவலரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசிய பிரெஞ்சு பாலிஷ் இருக்கும். ஸ்பிரிட் பட்டால் அது கரையும். கண்ணில் படாத ஓரத்தில், பஞ்சில் தொட்ட ஸ்பிரிட்டை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு. அப்படியானால் ஸ்பிரிட்டை மூடி வைத்துவிட்டு, ஈரத் துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆங்காங்கே தேய்ந்த பாலிஷுக்கு மேல் மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்றிரண்டு கொடுத்தால் பழையதோடு கலந்துவிடும். அந்தக் குணம் வார்னிஷுக்கு இல்லை.

உப்புத்தாள் அறவே வேண்டாமா என்று கேட்பீர்கள். தண்டில் யாரோ தடித்த வார்னிஷ் அடித்திருந்தால் வேறு வழியில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் வார்னிஷ் பூசிய தண்டு விரல்களுக்கிடையே ஒட்டிக்கொண்டு ஆட்டத்தையே கெடுக்கும். அப்போதும் 1000 எண்ணுக்குக் கீழே போகாமல், நீளவாக்கில் மட்டும், வார்னிஷ் போனதும் நிறுத்துங்கள். மரத்தின் தேன் நிறத்தை வெளுக்கத் தேய்க்காதீர்கள். அந்த நிறம் பல கைகளின் எண்ணெயும் பல வருட வெளிச்சமும் சேர்ந்து தந்தது. புதிதாக வாங்க முடியாது.

அதிகம் தேய்க்கப்பட்ட கியூவைக் கண்டுபிடிக்க ஒரு வழி: நுனியில் நகத்தை மரத்திலிருந்து பூணை நோக்கி ஓட்டுங்கள். பித்தளை தேயாது, மரம் தேயும். நகம் பூணின் விளிம்பில் தட்டி நின்றால், முன்பு யாரோ தாராளமாகத் தேய்த்திருக்கிறார்கள். பிடியின் தட்டை முகத்தின் விளிம்புகள் மழுங்கியிருப்பதும் அதே கதைதான்.

தண்டில் பள்ளங்கள் இருக்கின்றன.

அமுங்கிய பள்ளமா, வெட்டுப்பட்டதா என்று பாருங்கள். அமுங்கியது என்றால் இழைகள் நசுங்கிக் கிடக்கின்றன. ஈரமும் சூடும் கிடைத்தால் எழும்பும். பள்ளத்தின் மேல் மட்டும் ஈரத் துணித் துண்டை வைத்து, இஸ்திரிப் பெட்டியின் முனையால் ஓரிரு நொடி தொட்டு எடுங்கள். தேவையானால் காயவிட்டு மறுபடி. வெட்டுப்பட்ட இடத்தில் இழை அறுந்துவிட்டதால் இது பலிக்காது. விரலில் தட்டாத வெட்டை அப்படியே விடலாம். தட்டினால் நிறம் பொருந்தும் மர மெழுகால் நிரப்பலாம். பிடிக்குப் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோகக் கூடாது.

பிடியின் ஒட்டில் விரிசல் தெரிகிறது. ஃபெவிகால் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். பழைய கியூக்களில் ஒட்டியது வச்சிரம், விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சிய பசை. அது வெந்நீரிலும் சூட்டிலும் இளகும். புதிதாகக் காய்ச்சிய வச்சிரம் பழையதோடு சேர்ந்து பிடிக்கும். வெள்ளைப் பசை பழைய வச்சிரத்தின் மேல் சரியாகப் பிடிக்காது. பின்னால் கழற்றிச் சரிசெய்யும் வழியையும் அடைத்துவிடும். வச்சிரம் காய்ச்சத் தெரிந்த பழைய தச்சர் அருகில் இருந்தால் அவரிடம் கொடுங்கள். மெல்லிய விரிசலில் சூடான வச்சிரத்தை விட்டு, துணி நாடாவால் இறுகச் சுற்றி ஒரு நாள் வைப்பார். அவ்வளவுதான் வேலை. தட்டிப் பார்த்து உள்ளே கடகடவென்று சத்தம் வந்தால் ஒட்டு முழுவதும் விட்டிருக்கிறது. அது கியூ செய்பவரின் வேலை.

டிப்பும் பூணும்?

டிப்பை மாற்றத் தயங்க வேண்டாம். அது தேய்ந்து போவதற்காகவே இருப்பது. தோல் டிப்பைக் கியூவுக்குக் கொண்டுவந்த பெருமை 1800களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா மேங்கோவுக்கு உரியது. கூரிய கத்தியால் பழைய தோலை எடுத்து, பசை மிச்சத்தைச் சுரண்டி, பூணின் மேல்பரப்பு தட்டையாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். டிப்பின் அடிப்பக்கத்தை இலேசாக உரசி, கெட்டியான சூப்பர் குளூ ஒரு துளி வைத்து, நடுவாக அழுத்துங்கள். காய்ந்தபின் கியூவைத் தலைகீழாகப் பலகையில் நிறுத்தி, பிதுங்கிய தோலைக் கத்தியால் சுற்றிச் சீவி, அரத்தால் மேல்பக்கத்தைக் குவிவாக்குங்கள். சீவும்போதும் அரம் பிடிக்கும்போதும் தண்டு தேயாமல் இருக்க நுனியைச் சுற்றிக் காகித நாடா ஒட்டிக்கொள்ளலாம்.

நுனி 10.5 மில்லிமீட்டர் இருக்க, இப்போதைய பழக்கத்துக்கு 9.5 ஆக்கச் சொல்பவர்கள் உண்டு. பெயரில்லாத கியூ என்றால் உங்கள் விருப்பம். தகட்டோடு உள்ள நல்ல கியூவில் அதைச் செய்யாதீர்கள். ஒரு மில்லிமீட்டரைக் குறைக்கத் தண்டின் பாதி நீளத்தையாவது இழைக்க வேண்டியிருக்கும்.

பூண் ஆடினால் கழற்றி, பழைய பசையைச் சுத்தம் செய்து, அதையே எபாக்சியால் ஒட்டுங்கள். பிளந்திருந்தால் மட்டும் புதியது, அதுவும் லேத்தில் கடையத் தெரிந்தவர் கையால்.

எண்ணெய் பூச வேண்டுமா?

தண்டு வறண்டிருந்தால் ஆளிவிதை எண்ணெய். துணியில் சில துளிகள் தொட்டு, தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை போதும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். அவை ஆளிவிதை எண்ணெயைப் போல இறுகிக் காய்வதில்லை.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிப்படும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், இல்லையேல் தண்ணீரில் ஊறவைத்து அப்புறப்படுத்துங்கள்.

சிறு துளைகளும் மாவும் தெரிகின்றன.

வண்டு. ஆஷ் அதற்குப் பிடித்த மரம். மாவு புதிதாக உதிர்கிறதா என்று கறுப்புக் காகிதத்தின் மேல் சில நாள் வைத்துப் பாருங்கள். உதிர்ந்தால் பாலித்தீன் உறையில் அடைத்து, மற்ற மரச்சாமான்களிலிருந்து விலக்கி வைத்து, பூச்சி மருந்து தெரிந்தவரிடம் கொடுங்கள். உதிராவிட்டால் அது பழைய சேதம். மெழுகால் துளையை அடைத்துவிடலாம். தண்டில் துளைகள் நெருக்கமாக இருந்தால் ஆடும்போது முறியக்கூடும்.

தூக்கிச் செல்ல வசதியாக இரண்டாக வெட்டி மூட்டு வைக்கலாமா?

தகட்டோடு உள்ள ஒற்றைக் கியூ என்றால் கூடாது. மதிப்பும் போகும், அடியின் உணர்வும் மாறும். பெயரில்லாத கியூ என்றால் செய்யலாம்.

என்ன விலை பெறும்?

தகடு, ஒட்டு, நேர்த்தி, தொடாத பரப்பு என்ற நான்கும் சேர்ந்தால் சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். அசல் தகர உறை, அதுவும் உள்ளே நிறுவனச் சீட்டோடு இருந்தால் இன்னும் மேல். பளபளவென்று தேய்த்த கியூவுக்கு, அதில் எந்தப் பெயர் இருந்தாலும், அவர்கள் முகம் சுளிப்பார்கள். சாதாரண கிளப் கியூவுக்குப் பெரிய விலை கிடையாது. நல்ல ஆஷாக இருந்தால் விற்காமல் ஆடுங்கள்.

பழைய கியூவால் உண்மையாகவே ஆட முடியுமா?

தாராளமாக. விதிப்படி கியூ 914 மில்லிமீட்டருக்குக் குறையாமல், வழக்கமான வடிவத்தில் இருக்க வேண்டும். வயதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. ஸ்காட்லாந்து ஸ்நூக்கர் வீரர் ஸ்டீபன் ஹென்ட்ரி தன் ஏழு உலகப் பட்டங்களையும் சிறுவயதில் வாங்கிய 40 பவுண்டு கியூவால்தான் வென்றார். 2003இல் விமானப் பயணத்தில் அது முறிந்தது. பழைய கியூக்கள் இன்றையவற்றைவிடச் சற்று இலேசானவையாக இருப்பதால் முதல் சில வாரம் கை பழக வேண்டும்.

எப்படி வைத்துப் பாதுகாப்பது?

செங்குத்தாகச் சட்டத்தில் நிறுத்துங்கள், அல்லது முழு நீளமும் தாங்கும்படி படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்து வைப்பதுதான் வளைவுக்கு முதல் காரணம். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரண், வெயிலில் நிற்கும் கார், ஏசியின் காற்று நேராகப் படும் மூலை, மூன்றும் ஆகாது. பழைய தகர உறை அழகாக இருக்கும். ஆனால் மழைக்காலத்தில் உள்ளே ஈரம் அடைபடும். உறையைத் தனியாக அலமாரியில் வைத்துவிட்டு, கியூவைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். உறையிலேயே வைக்க வேண்டும் என்றால் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.